அம்மாவுக்கு ஒன்று, பத்தாவது படிக்கும் பெண்ணுக்கு ஒன்று, வாண்டுக்கு ஒன்று... ஒரே வீட்டுக்கான நாவல்கள்!

“பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் முடிச்சாச்சு. அடுத்து என்ன படிக்கலாம்?”

2022-லும் 2023-லும் படம் இரண்டு பாகமாக வந்துபோன பிறகு, இந்தக் கேள்வியைக் கேட்காத வீடே இல்லை எனலாம். தியேட்டரில் படம் பார்த்துவிட்டு, ‘புத்தகத்துல வேற மாதிரி இருக்காமே’ என்று புத்தகத்தை எடுத்தவர்கள் ஏராளம். எடுத்தவர்களில் பலர் முடித்தும்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் சிக்கல். கல்கி, சாண்டில்யன் என்று பெயர் தெரிந்தவர்களைத் தாண்டினால் கடைக்காரர் எதை நீட்டுகிறாரோ அதுதான் என்றாகிவிடுகிறது.

இந்தக் கட்டுரை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆவடியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரல் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகிறது. திரும்பி வர இன்னொரு முக்கால் மணி. பூந்தமல்லிக்காரர்களுக்குப் பேருந்தில் அதைவிடவும் கூடுதல். தினமும் ஒன்றரை மணி நேரம் கையில் போனோடு உட்கார்ந்திருக்கும் ஊர் நாவல் படிக்கத் தோதான ஊர். உட்கார இடம் கிடைத்தால் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனை தேடி வந்தவர்களின் கதை

பெரியவர்களுக்கான பட்டியலை பெருமாள்முருகனின் ‘ஆளண்டாப் பட்சி’யில் தொடங்குகிறேன். 2012-ல் வந்த நாவல். இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு ‘ஃபயர் பேர்ட்’ (மொழிபெயர்த்தவர் ஜனனி கண்ணன்) 2023-ல் ஜே.சி.பி. இலக்கியப் பரிசை வென்ற பிறகு பலரும் தமிழ் மூலத்தைத் தேடத் தொடங்கினார்கள்.

கதை எளிமையானது. கூட்டுக் குடும்பத்தில் சொத்து பிரிக்கிறார்கள். கடைக்குட்டி முத்துவுக்குச் சேர வேண்டியது சரியாகச் சேரவில்லை. அதோடு, வீட்டுக்குள்ளேயே தன் மனைவி பெருமாவுக்கு நேர்ந்த ஓர் அவமானமும் சேர்ந்துகொள்ள, ‘இந்த ஊரே வேண்டாம்’ என்று மாட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு புது நிலம் தேடிக் கிளம்புகிறான். துணைக்குக் குப்பன் என்ற வேலையாள். போகிற வழியில் பார்க்கிற ஒவ்வொரு நிலத்தையும் அவன் மண்ணைத் தொட்டு, தண்ணீரைக் கேட்டு, பக்கத்துக் காட்டுக்காரரின் குணத்தை விசாரித்து எடை போடுகிறான்.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், நம் பக்கத்து வீடுகளில் பாதிக்கு மேல் முத்து–பெருமா கதைதான். 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. பாடி முதல் பட்டாபிராம் வரை கம்பெனி கம்பெனியாக முளைத்தன. வேலைக்காக திருநெல்வேலியிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வந்தவர்கள், முதலில் வாடகைக்கு இருந்து, பிறகு சீட்டுப் போட்டு, பிறகு லோன் வாங்கி, திருமுல்லைவாயலிலோ அண்ணனூரிலோ அரை கிரவுண்டு வாங்கிப் போட்டார்கள். அப்போது சுற்றிலும் முள்செடிதான் இருந்தது. ‘ஏன் அங்கே போய் வாங்கினே?’ என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சொத்துப் பிரிப்பில் மனம் கசந்து ஊரைவிட்டு வந்தவர்களும் அவர்களில் உண்டு. அதைப் பற்றி அவர்கள் பிள்ளைகளிடம் பேசுவதில்லை. வீட்டில் எழுபது வயதுத் தாத்தா இருந்தால் இந்த நாவலை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் கேள்வி எதுவும் கேட்காமலே அவர் பேச்சு தானாக வரும்.

இதற்கு அடுத்துப் படிக்க வேண்டியது விநாயக முருகனின் ‘சென்னைக்கு மிக அருகில்’. தலைப்பைப் பார்த்ததுமே உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். பூந்தமல்லியைத் தாண்டி எந்தத் திசையில் போனாலும் கண்ணில் படும் விளம்பரப் பலகை வாசகம் அது. வயல் எப்படி மனையாகிறது, யார் யார் கை மாறுகிறது, கடைசியில் விவசாயியிடம் என்ன மிஞ்சுகிறது என்பதைச் சொல்லும் நாவல். ‘ஆளண்டாப் பட்சி’யின் நிதானம் இதில் இல்லை. வேகமாக, கொஞ்சம் கோபமாக எழுதப்பட்டது. சில இடங்களில் அந்தக் கோபமே கதையை முந்திக்கொண்டு ஓடுகிறது. ஆனால், மனை வாங்கியவர்களின் கதையைப் படித்த கையோடு, மனை விற்றவரின் கதையையும் படிப்பதுதானே நியாயம்?

ஏரிக்கரைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, ஆவடி பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் என்று நம் பகுதியை ஏரிகளால்தான் அடையாளம் சொல்ல முடியும். 2015 டிசம்பருக்குப் பிறகு அந்தப் பெயர்களில் சிலவற்றைப் பயத்தோடு உச்சரிக்கிறோம். ஒரு காலத்தில் கண்மாய் ஓர் ஊரின் தெய்வமாகவே இருந்ததைச் சொல்கிறது சோ.தர்மனின் ‘சூல்’. உருளைக்குடி என்ற கரிசல் கிராமம். மடைகளைத் திறந்து மூடவும் தண்ணீரைப் பங்கிடவும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பொறுப்பு ஊர்க்காரர்களின் கையைவிட்டுப் போன பிறகு கண்மாய் என்னவாகிறது என்பதுதான் நாவல். 2019-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. முதல் ஐம்பது பக்கம் வட்டார வழக்கு கொஞ்சம் இடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு பழகிவிடும்.

கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு...

இமையத்தின் ‘செல்லாத பணம்’ இந்தப் பட்டியலிலேயே கடினமான புத்தகம். மொழி கடினமில்லை. பெரும்பகுதி பேச்சுதான், வேகமாகப் படித்துவிடலாம். கடினம் கதையில் இருக்கிறது.

ரேவதி இன்ஜினீயரிங் படித்த பெண். அப்பா பள்ளித் தலைமையாசிரியர். ரேவதி ஆட்டோ ஓட்டும் ரவியைக் காதலித்துப் பிடிவாதமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். வீட்டார் உறவைத் துண்டிக்காமலும் முழுதாகச் சேர்த்துக்கொள்ளாமலும் இருக்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்து அவள் தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். தானே வைத்துக்கொண்ட தீயா, கணவன் வைத்ததா? அந்தத் தீக்காயப் பிரிவு வார்டின் வாசலில் உட்கார்ந்து, அப்பாவும் அம்மாவும் அண்ணனும் பேசுவதும் பேசாமலிருப்பதும்தான் நாவல். கையில் பணம் இருக்கிறது. அந்தப் பணத்தால் இப்போது வாங்க முடிந்தது எதுவுமில்லை.

2018-ல் வந்த இந்த நாவலுக்கு 2020-ஆம் ஆண்டின் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. காதல் கல்யாணம் செய்துகொண்ட மகளோடு பேச்சு இல்லாத வீடுகள் நம் தெருக்களில் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை, நமக்கே தெரியும். ‘நீயாத்தானே தேடிக்கிட்டே’ என்ற ஒரு வாக்கியம் ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கதவை எப்படிச் சாத்திவிடுகிறது என்பதை, இமையம் யார்மீதும் விரல் நீட்டாமல் காட்டியிருக்கிறார். அப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல முடியவில்லை, அண்ணனையும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் படித்து முடித்த பின்னும் விடாமல் துரத்துகிறது. இதை அப்பாக்கள் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. வீட்டில் தீ விபத்தில் யாரையாவது இழந்தவர்கள் இதைத் தவிர்த்துவிடலாம். வார்டுக் காட்சிகளில் எதையும் மறைத்துச் சொல்லவில்லை.

இவ்வளவு கனம் வேண்டாம் என்பவர்களுக்கு, தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’. இதற்கு 2023-ல் சாகித்ய அகாடமி விருது. புறநானூற்றின் புகழ்பெற்ற 192-ஆம் பாடலிலிருந்து எடுத்த தலைப்பு. கொங்குப் பகுதியில் நாவிதத் தொழில் செய்யும் குடும்பங்களின் கதை. காரு மாமா என்ற மனிதர் இறந்துபோகிறார். மனைவியும் பிள்ளைகளும் விட்டுப் போக, தனியாகவே வாழ்ந்து முடித்தவர். அவருடைய சாவுக்குச் சொந்தங்கள் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். சாவு வீட்டில்தானே நாம் பழைய சண்டைகளைப் பேசித் தீர்த்துக்கொள்கிறோம்? அந்த இரண்டு மூன்று நாள் நெரிசல், அழுகை, இடையில் வரும் சிரிப்பு எல்லாம் அச்சு அசலாக இருக்கும். சின்ன நாவல். ஒரு வாரம் ரயிலில் போய் வரும் நேரத்துக்குள் முடித்துவிடலாம்.

சரித்திரப் பிரியர்களுக்கு இரண்டு. அ.வெண்ணிலாவின் ‘கங்காபுரம்’ ராஜேந்திர சோழனைப் பற்றியது. ராஜராஜனின் நிழலிலேயே பல ஆண்டுகள் காத்திருந்த மகனின் மனம்தான் இதில் முக்கியம், போர்களுக்கு இரண்டாம் இடம்தான். ‘பொன்னியின் செல்வன்’ முடித்தவர்களுக்கு நேரான அடுத்த படி. மற்றது, மு.ராஜேந்திரனின் ‘காலா பாணி’. 1801 காளையார்கோவில் போருக்குப் பிறகு பினாங்குக்கு நாடு கடத்தப்பட்ட 73 பேரின் கடல் பயணம். இதுவும் சாகித்ய அகாடமி விருது வாங்கிய நாவல்தான் (2022).

நம்மூர்ப் பக்கம் என்று கேட்பவர்களுக்குத் தமிழ்மகனின் ‘வெட்டுப்புலி’. 2009-ல் வந்தது, கொஞ்சம் பழசு. ஆனால் பூண்டி ஏரிப் பக்கத்துக் கிராமங்களில் தொடங்கி, தீப்பெட்டிப் படத்தில் சிறுத்தையோடு சண்டை போடும் அந்த ஆள் யார் என்று தேடிப் போகும் கதையை திருவள்ளூர் மாவட்டக்காரர்கள் படிக்காமல் விட்டால் எப்படி? கூடவே திராவிட இயக்கமும் தமிழ் சினிமாவும் வளர்ந்த கதையும் கிடைத்துவிடும்.

பதின்மூன்று முதல் பதினேழு வரை: ஒரு பெரிய பள்ளம்

தமிழில் இந்த வயதுக்கான அலமாரி பாதிக்கு மேல் காலி. இதைச் சொல்லாமல் போனால் பொய்யாகிவிடும். குழந்தைக் கதைகளிலிருந்து நேராகக் கல்கிக்குத் தாவ வேண்டியதுதான் நம் பிள்ளைகளின் நிலை. நடுவில் படிக்கட்டே இல்லை. அதனால் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பெண் ‘ஹாரி பாட்டர்’ கையுமாக இருந்தால் திட்டாதீர்கள். நாம் கொடுக்கவில்லை, அவள் கிடைத்ததை எடுத்துக்கொண்டாள். ‘ஓங்கில் கூட்டம்’ என்ற எழுத்தாளர் குழு இந்த வயதினருக்கெனவே சிறு நூல்களைக் கொண்டுவருகிறது. அதைப் போல இன்னும் பத்து முயற்சிகள் வேண்டும்.

இருப்பதில் சிறந்தவை என்று நான் நினைப்பவற்றைச் சொல்கிறேன். பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’. பிறந்து சில நாளே ஆன கறுப்பு ஆட்டுக்குட்டி, யாரோ ஒருவர் மூலம் ஏழைக் கிழவன் கிழவியிடம் வந்து சேர்கிறது. ஆட்டுக்குக்கூடக் காது குத்தி அடையாளம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்கிற ஓர் அரசாங்கம் கதையில் வருகிறது. வரிசையில் நிற்கிறார்கள், அதிகாரிகள் குடைந்து குடைந்து கேள்வி கேட்கிறார்கள். ஆதார் அட்டைக்கும் ரேஷன் கார்டுக்கும் வரிசையில் நின்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதன் கேலி தானாகவே புரிந்துவிடும். ஆசிரியர் 2015-ல் எழுத்தையே நிறுத்துவதாக அறிவித்து, 2016-ல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு திரும்பி வந்து எழுதிய நாவல் இது. இந்தத் தகவலைப் படித்து முடித்த பிறகு பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கதை இரண்டாவது தடவை வேறு மாதிரித் தெரியும். இனப்பெருக்கம், சாவு எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் வரும். பதினான்கு வயதுக்கு மேல் சரி.

ஆங்கில மீடியத்தில் படிக்கும் பிள்ளை, தமிழில் வேகமாகப் படிக்கத் தடுமாறுகிறதா? என்.கல்யாண்ராமன் மொழிபெயர்ப்பில் இதே நாவல் ஆங்கிலத்திலும் இருக்கிறது. ஒரு அத்தியாயம் ஆங்கிலத்தில், அடுத்தது தமிழில் என்று மாற்றி மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, யெஸ்.பாலபாரதியின் ‘துலக்கம்’. ஆட்டிசம் உள்ள ஒரு பையன் காணாமல் போகிறான். தன் பெயரையோ விலாசத்தையோ சொல்லத் தெரியாது. அவனைப் பார்க்கிறவர்கள் ‘கிறுக்கு’ என்று ஒதுங்குகிறார்கள். அப்படி ஒரு பையனை அம்பத்தூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உங்கள் மகன் பார்த்தால் என்ன செய்வான்? இந்த நாவலைப் படித்தவன் வேறு மாதிரி நடந்துகொள்வான் என்று நம்புகிறேன்.

விஷ்ணுபுரம் சரவணனின் ‘கயிறு’ நாவலில்லை, சின்னஞ்சிறு புத்தகம். உட்கார்ந்த இடத்தில் படித்துவிடலாம். பள்ளி மாணவர்களின் மணிக்கட்டில் கட்டப்படும் சாதிக் கயிறு பற்றியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. ‘அதெல்லாம் தெக்கத்திப் பக்கம், நம்ம ஊர்ல இல்ல’ என்று சொல்வதற்கு முன் உங்கள் பையனின் வகுப்பில் எத்தனை கைகளில் என்னென்ன நிறத்தில் கயிறு என்று ஒருமுறை கேளுங்கள்.

தடியான புத்தகம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு சு.வெங்கடேசனின் ‘வீரயுக நாயகன் வேள்பாரி’. வார இதழில் தொடராக வந்து, ம.செ. ஓவியங்களோடு இரண்டு பெரிய தொகுதிகளான நாவல். பறம்பு மலை, கபிலர், மூவேந்தரின் முற்றுகை. கோடை விடுமுறை முழுக்கத் தாங்கும். காட்டைப் பற்றிய பகுதிகள்தான் எனக்குப் போர்க் காட்சிகளைவிடப் பிடித்தவை.

வாண்டுகளுக்கு

எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குத் தமிழில் இப்போது நல்ல காலம். உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023-ல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ‘ஆதன்’ என்ற பெயர் கீறப்பட்டிருக்கிறது அல்லவா? இன்றைய சிறுவன் ஒருவன் அந்தக் காலத்து ஆதனைச் சந்தித்தால் எப்படி இருக்கும் என்று போகிறது கதை. படித்து முடித்ததும் ‘கீழடி கூட்டிட்டுப் போங்க’ என்று நச்சரிப்பு ஆரம்பமாகும், தயாராக இருங்கள். கடல் பிடித்த குழந்தைகளுக்கு யெஸ்.பாலபாரதியின் ‘ஆமை காட்டிய அற்புத உலகம்’, சிரிக்க வேண்டுமென்றால் விழியனின் ‘பென்சில்களின் அட்டகாசம்’. 2025-ல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’வையும் சேர்த்துக்கொள்ளலாம்.

புதுசு இல்லையென்றாலும் ‘டோட்டோ-சான்’ என்ற ஜப்பானியப் புத்தகத்தின் தமிழ் மொழிபெயர்ப்பை விட மனசில்லை. பழைய ரயில் பெட்டிகளையே வகுப்பறைகளாக வைத்திருந்த ஒரு பள்ளியைப் பற்றிய உண்மைக் கதை. ரயில் தண்டவாளத்தை ஒட்டியே வளரும் நம் பிள்ளைகளுக்கு அது எத்தனை பெரிய கனவாக இருக்கும்!

கடைசியாக, நிதானமாகச் சொல்ல வேண்டிய ஒரு புத்தகம். யெஸ்.பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. 2020-ல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற சிறார் நாவல். ஒரு சிறுமி, அவளிடம் பேசும் ஒரு மரப்பாச்சி பொம்மை. வயதில் பெரியவர் ஒருவரால் தனக்கு நேரும் தொல்லையை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருக்கும் அவளுக்கு அந்தப் பொம்மை தைரியம் கொடுக்கிறது. பயமுறுத்தும் காட்சிகள் இல்லை, அறிவுரைப் பிரசங்கமும் இல்லை.

‘இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?’ என்று தயங்கும் பெற்றோருக்கு என் யோசனை: முதலில் நீங்கள் படியுங்கள். பிறகு குழந்தையோடு சேர்ந்து சத்தமாகப் படியுங்கள். பாதியில் குழந்தை படிப்பதை நிறுத்தினாலோ, பேச்சை மாற்றினாலோ, ‘அவ அம்மாகிட்ட சொன்னா அடிப்பாங்களா?’ என்று கேட்டாலோ அவசரப்படாதீர்கள், அதட்டாதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டுக் காது கொடுங்கள். உதவி தேவைப்பட்டால் குழந்தைகளுக்கான 1098 எண் இருக்கிறது. பள்ளியில் நடந்த விஷயம் என்றால் தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் பேசலாம். பையன்களுக்கும் இந்தப் புத்தகம் வேண்டும். பெண் குழந்தை உள்ள வீடுகள்தான் இதை வாங்குகின்றன என்பது என் சந்தேகம்.

எங்கே கிடைக்கும்?

எல்லாவற்றையும் வாங்கினால் மாத பட்ஜெட் தாங்காது. வாங்கவும் வேண்டாம். நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தேதான் போகிறது. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு அது. அந்தக் காசில் நடக்கும் கிளை நூலகம் உங்கள் வீட்டிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ தூரத்தில்தான் இருக்கும். போய் உறுப்பினராகுங்கள். விருது பெற்ற நாவல்கள் நூலகங்களில் இருக்க வாய்ப்பு அதிகம். இல்லையென்றால் நூலகரிடம் தலைப்பை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் வரும்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால், ‘வாசிப்பு இயக்கம்’ புத்தகங்களைப் பள்ளியில் கேட்கச் சொல்லுங்கள். நுழை, நட, ஓடு, பற என்று வாசிக்கும் திறனுக்கு ஏற்ப நான்கு படிகளாகப் பிரித்த குட்டிக் கதைப் புத்தகங்கள் அவை. போனிலேயே படிக்க வேண்டும் என்றால், பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சொந்தமாக வாங்குவதற்கு, ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சி வரை காத்திருந்தால் பத்து சதவீதமாவது தள்ளுபடி உண்டு. நந்தனத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போவதாக இருந்தால், ஆளுக்கு ஒரு புத்தகம் என்று முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப் போங்கள். எந்தப் புத்தகம் என்பதை மட்டும் அவரவரே முடிவு செய்யட்டும். உங்கள் பையன் ‘கயிறு’க்குப் பதிலாகப் பேய்க்கதைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், பில் போடுகிற இடத்தில் ஒன்றும் சொல்லாதீர்கள்.